ஓய்வு வாரக் கல்யாணம்

ஹார்லன் ஊரில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையில் எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். வைத்தால் மணப்பெண் வருவாள், பாதிரியார் வருவார், மற்ற அத்தனை பேரும் ஃபுட்பால் மைதானத்தில் இருப்பார்கள். பாதிரியாரும் ஜெபத்தை அவசர அவசரமாக ஓட்டிவிட்டு இரண்டாம் பாதி ஆட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். ஹார்லன் ஸ்டேட் கல்லூரி அணி ஆடாத சனிக்கிழமை என்று செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு ஓய்வு வாரம் என்று பெயர். தெற்கு டகோட்டாவின் அந்த மூலையில் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டால், பெற்றவர்கள் ஜனவரியில் அட்டவணை வெளியாகும் நாளுக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷம் அட்டவணை காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஓய்வு வாரம், அக்டோபர் பதினேழு. ஒன்பது நாலுக்கெல்லாம் முன்னாள் படைவீரர் சங்க மண்டபத்தைப் பிடித்துவிட்டாள் மேரன் ஃபென்ஸ்கே. மாவட்டப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தாள். ஒன்பது ஐந்துக்கு மண்டபத்தைக் கேட்டுக் கூப்பிட்ட பெண் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

மாப்பிள்ளை கோல்பி ஹாவ்லிக், அணியின் சாமான் அறை உதவியாளன். மேரனின் அப்பா ஆர்லோ ஃபென்ஸ்கே, அதே அணியின் லாரி ஓட்டுநர். வெளியூர் ஆட்டம் என்றால் ஆட்டக்காரர்கள் விமானத்தில் பறந்துவிடுவார்கள். அவர்களுடைய ஹெல்மெட், தோள்கவசம், ஷூ, கட்டுப்போடும் மேசை, மழை வந்தால் போட்டுக்கொள்ளும் அங்கி எல்லாம் பதினெட்டுச் சக்கர லாரியில் தரைவழியாகப் போகும். ஸ்டியரிங்கில் ஆர்லோ, பக்கத்தில் கோல்பி. கோல்பிக்கு லாரி ஓட்ட உரிமம் கிடையாது. இன்னொரு ஓட்டுநர் வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டும் வரவில்லை. ஆக, ஆட்டம் இருக்கிற நாளில் கல்யாணம் வைத்தால் பெண்ணின் அப்பாவும் இருக்க மாட்டார், மாப்பிள்ளையும் இருக்க மாட்டான். மோதிரத்தை யார் விரலில் போடுவது?

ஆர்லோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷமாக லாரி ஓட்டுகிறார். "தூக்கம் வருது" என்று அவர் சொல்லி ஒரு ஆளும் கேட்டதில்லை. கோல்பி எப்போதாவது, "கொஞ்சம் நிறுத்திட்டுப் போலாமா?" என்றால், "தூக்கமா? அது நாற்காலியில உக்கார்றவங்களுக்கு வர்ற வியாதி" என்று சிரிப்பார். இப்படி ஒரு வீம்பு.

முன்னெல்லாம் பிரச்சினையே இல்லை. அவர்கள் ஆடிய கூட்டமைப்புக்குப் பெயர் 'பிரெய்ரி எட்டு', அதாவது புல்வெளி எட்டு. எட்டுக் கல்லூரிகள், எங்கே போனாலும் ஒரு நாள் ஓட்டம், வழியெல்லாம் சோளக்காடு. பிறகு யார் யாரோ எதற்காகவோ வந்து சேர்ந்தார்கள். இப்போது அதில் பதினெட்டுக் கல்லூரிகள். ஒன்று வர்ஜீனியாவில் அட்லாண்டிக் கரையில், ஒன்று ஓரிகனில் பசிபிக் கரையில். பெயர் மட்டும் இன்னமும் பிரெய்ரி எட்டுதான். ஏன் என்று ஆர்லோ ஒருமுறை கேட்டதற்கு, கூட்டமைப்பு அலுவலகத் தரை விரிப்பிலெல்லாம் எட்டு என்று நெய்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. பதினெட்டை எட்டு என்று சொல்கிறவர்கள் போடும் அட்டவணை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அன்றைக்கே அவருக்கு ஒரு கலக்கம் வந்தது.

கலக்கம் பொய்யாகவில்லை. செப்டம்பர் இருபத்தாறு, வர்ஜீனியாவில் ஆட்டம். அக்டோபர் மூன்று, அதாவது அடுத்த சனிக்கிழமையே, ஓரிகனில் ஆட்டம். ஒரு கடலிலிருந்து வீட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு மைல். அழுக்குத் துணியைத் துவைத்து ஏற்றிக்கொண்டு இன்னொரு கடலுக்கு இன்னொரு ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். இதை ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஓட்ட வேண்டும்.

ஆனால் பாருங்கள், அந்தப் பதினெட்டு பேரிலும் தனக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது என்று கூப்பாடு போடாத கல்லூரி ஒன்றுகூட இல்லை. கிழக்குக்காரன் தூரம் அதிகம் என்றான். மேற்குக்காரன் விடியற்காலையில் ஆடச் சொல்கிறார்கள் என்றான். தெற்குக்காரன் பனியில் ஆட முடியாது என்றான். ஒருவன் அநியாயமாக ஏமாந்தால் இன்னொருவன் லாபம் பார்த்திருக்க வேண்டாமா? பதினெட்டு பேரும் ஏமாந்தால் லாபம் யாரிடம் போனது? கூட்டமைப்பு அலுவலகம் யோசித்து யோசித்து, பயணச் சிரமத்துக்குப் புள்ளி போடும் ஒரு கணக்கைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அனுப்பியது. கூடவே ஒரு மனுப் படிவம்.

மே மாதம் ஒரு காலையில், சாமான் அறைத் தலைவர் ரஸ் கேம்ப்ஃபர் அந்தத் தாள்களை ஆர்லோவின் முன்னால் போட்டார்.

"பயணம் போற எல்லாரும் எழுதலாமாம் ஆர்லோ. உன் சிரமத்தை நீயும் எழுது."

ஆர்லோ புள்ளிக் கணக்கைப் புரட்டினார். பத்து நிமிஷம் பார்த்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ரஸ், நமக்கு மைனஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கே. அப்படின்னா?"

"அதுவா? கடிகாரக் கணக்கு. கிழக்க போனா ஒரு மணி நேரம் இழக்கறோம். அது பிளஸ் ஒண்ணு சிரமம். மேற்க போனா ரெண்டு மணி நேரம் கிடைக்குது. அது மைனஸ் ரெண்டு. கூட்டிக் கழிச்சா நமக்கு ஒரு மணி நேரம் லாபம்."

"லாபமா?"

"லாபம்தான். சிரமமே இல்லாத அணிகள்ல நாம மூணாவது இடம்."

"சரி, அந்த ஒரு மணி நேரம் எங்க இருக்கு? எவன்கிட்ட இருக்கு? நான் போய் வாங்கிக்கறேன்."

ரஸ் தலையைச் சொறிந்தார். "அப்படியெல்லாம் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

"திரும்பி வர்றப்ப? அப்ப கணக்கு தலைகீழா மாறுமே?"

"திரும்பி வர்றதைக் கணக்குல எடுக்கலையாம். ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே, அதுக்கப்புறம் என்ன அநியாயம் இருக்குன்னு விட்டுட்டாங்க."

ஆர்லோ திருதிருவென்று விழித்தார். அவர் வாழ்க்கையில் பாதி, திரும்பி வருகிற பாதைதான். அந்தப் பாதி கணக்கிலேயே இல்லையா? படிவத்தை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தார். முழுக்கப் பெரிய எழுத்தில், அழுத்தி அழுத்தி எழுதினார். லாரி என்று ஒன்று இருக்கிறது, அது பறக்காது, ஒரு ஆள் எட்டு நாளைக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் சட்டம் விடாது, வர்ஜீனியாவும் ஓரிகனும் அடுத்தடுத்த வாரம் ஆகாது. கடைசியில், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தையும் எழுதினார். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்தும் போனார்.

ஜூனில் இருநூற்று முப்பது அழைப்பிதழ்கள் தபாலில் போயின. ஜூலை எட்டாம் தேதி அவருக்குப் போன் வந்தது.

"மிஸ்டர் ஃபென்ஸ்கேங்களா? கூட்டமைப்பு அலுவலகத்துல இருந்து பேசறேன், அட்டவணைப் பிரிவு. என் பேரு ப்ரூக்ஷயர். உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன் சார்."

"எனக்கா? எதுக்கும்மா?"

"மொத்தம் நூத்தி நாப்பத்திரெண்டு மனு வந்துச்சு. நூத்தி நாப்பத்தொண்ணுல எல்லாரும் 'ஐயோ எங்களுக்கு அநியாயம்'னு எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் லாரின்னு ஒண்ணு இருக்குன்னு எழுதியிருந்தீங்க. சத்தியமா சொல்றேன் சார், லாரி எங்க கணக்குலயே இல்ல. ஹெல்மெட்டெல்லாம் விமானத்துலயே வந்துருதுன்னு நெனச்சுட்டிருந்தோம்."

"அடக் கடவுளே."

"உங்க மனுவைப் படிச்சு இங்க ஒருத்தர் அழுதுட்டாருங்க. அதனால உடனே மாத்திட்டோம். வர்ஜீனியாவுக்கு அப்புறம் உங்களுக்கு ஓய்வு வாரம். ஓரிகன் ஆட்டம் அக்டோபர் பதினேழுக்குப் போயிருச்சு. சந்தோஷம்தானே?"

ஆர்லோ போனை மறு காதுக்கு மாற்றினார். பதினேழா? "பதினேழுன்னா... எந்தப் பதினேழு?" என்று கேட்டார். அக்டோபரில் இரண்டு பதினேழா இருக்கிறது? அந்தப் பெண் பொறுமையாக மறுபடி சொன்னாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் இடியே விழுந்தது. மேரன் புது அட்டவணையைச் சாப்பாட்டு மேசை மேல் விசிறியடித்தாள். அம்மா லானெட் அடுப்பிலிருந்து இறக்கிய இறைச்சி உருளைக்கிழங்குத் தட்டு கையிலேயே நின்றது. கோல்பி உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எவன் கேட்டான் இவங்ககிட்ட? மூணாம் தேதி ஓய்வாம்! மூணாம் தேதி மண்டபம் பன்றி வளர்க்கிறவங்க சங்கத்துக்கு. வருஷாந்திர விருந்து. அவங்ககிட்டக் கெஞ்சிப் பாத்துட்டேன். நம்ம ஓரிகன் ஆட்டத்தைப் பெரிய திரையில பாத்துக்கிட்டே சாப்பிடறதுக்குன்னு அந்தத் தேதியைப் பிடிச்சாங்களாம். இப்ப ஆட்டமே இல்லையேன்னா, 'ஆட்டம் இல்லாட்டி என்ன, பன்றி இருக்கு'ங்கறான்!"

கோல்பி மெதுவாக, "அந்தப் பதினேழாம் தேதி நான் லீவு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான்.

"நீ கேப்ப. அப்பாவும் கேப்பாரு. லாரியை யாரு ஓட்டறது, பாதிரியாரா? ரஸ் வரமாட்டாரு, பயிற்சியாளருங்க வரமாட்டாங்க. அழைப்பிதழ் போனதுல பாதிப் பேரு அன்னிக்கு ஓரிகன்ல இருப்பாங்க. இங்க நானும் பன்றிக்காரங்களும்தான் இருக்கணும்."

"பன்றிக்காரங்க மூணாம் தேதி" என்றான் கோல்பி.

"வாயை மூடு கோல்பி."

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். கீழே சின்ன எழுத்தில், 'ஹார்லன் ஸ்டேட் கல்லூரியிலிருந்து வந்த எழுபத்து மூன்றாம் எண் மனுவின் பேரில்' என்று இருந்தது. "பாருங்க, நம்ம கல்லூரிக்காரன்! நம்ம ஊரு ஆளு ஒருத்தன் உக்காந்து, வேலையத்துப்போயி எழுதியிருக்கான். எந்த முட்டாள்னு நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன். அப்பா, உங்களுக்கு யாருன்னு தெரியுமா?"

"எனக்கு... எனக்கு இந்தக் கணக்கே புரியலம்மா" என்றார் ஆர்லோ. அது பொய்யில்லை. உண்மையும் இல்லை. உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே மென்றார்.

மறுநாளே மேரன் கல்லூரிக்குத் தகவல் கேட்டு மனுப் போட்டுவிட்டாள். அரசுக் கல்லூரி; பொதுப் பதிவைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். தினமும் ஊராருக்கு அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுக்கிறவளே அவள்தான், தனக்கு எழுதிக்கொள்ளத் தெரியாதா? 'எழுபத்து மூன்றாம் எண் மனுவின் நகல், முழுமையாக' என்று கேட்டிருந்தாள். மூன்று வாரத்தில் வரும் என்றார்கள்.

அந்த மூன்று வாரமும் ஆர்லோ பட்ட பாடு சொல்லி மாளாது. தபால்காரரைப் பார்த்தால் வேறு தெருவில் நடந்தார். மகளிடம் தானே சொல்லிவிடலாம் என்று ஒரு நாளைக்கு நாலு தரம் வாயைத் திறந்தார். திறந்த வாயில் காபியை ஊற்றிக்கொண்டு போனார். நான்தான் எழுதினேன் என்று சொன்னால், ஏன் எழுதினீர்கள் என்பாள். அந்தக் கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"ப்ரூக்ஷயரம்மா, நான் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

"எனக்குப் புரியல சார். அநியாயம்னு நீங்கதான் சொன்னீங்க. சரி பண்ணினோம். இப்ப அந்த அநியாயமே வேணுங்கறீங்களா?"

"ஆமாம்மா. பழைய அநியாயமே நல்லாத்தான் இருந்துச்சு. பதினேழாம் தேதி எனக்கு ஒரு வேலை இருக்கு."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு விவரமாகச் சொன்னாள். ஒரு தாள் அனுப்புவார்கள். 'வர்ஜீனியா, ஓரிகன் இரண்டு பயணத்தையும் ஒரே ஓட்டுநர் ஒரே வாரத்தில் பத்திரமாக ஓட்ட முடியும்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் அது வந்து சேர்ந்தால் பழைய தேதிகளுக்கே போய்விடலாம். ஓரிகன் கல்லூரிக்கும் அதுதான் விருப்பம். "ஆனா சார், நீங்க எழுதினது உண்மைதானே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆர்லோ போனை வைத்துவிட்டார்.

தாள் வந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். பேனாவும் அதே பையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மகளுக்குக் கல்யாணம், மண்டபம், இருநூற்று முப்பது பேர். ஆனால் அந்த வாரத்தை ஓட்ட வேண்டும், பக்கத்தில் மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு. போடாவிட்டால் அந்த வாரம் இல்லை, கல்யாணமும் இல்லை. எது அப்பா செய்ய வேண்டிய காரியம்? தராசின் எந்தத் தட்டில் எதை வைப்பது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கூட்டமைப்புக்காரர்களின் புள்ளிக் கணக்கே தேவலை போல இருந்தது.

ஜூலை முப்பது, மத்தியானம். லாரிக் கொட்டகையில் ஆர்லோ சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். மேரன் அலுவலக உடையிலேயே வந்து நின்றாள். கையில் ஒரு நீள உறை. அவர் எழுந்திருக்கவில்லை, கிரீஸ் குச்சியையும் கீழே வைக்கவில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"பேரைக் கறுப்பு மை போட்டு அடிச்சு அனுப்பியிருக்காங்க."

"அப்படியா? அப்ப கண்டுபிடிக்க முடியாதே" என்றார், குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

அவள் குனிந்து தாளை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள். "இந்த ஏழு யாரோடது? நடுவுல குறுக்குக் கோடு போட்ட ஏழு?"

அவர் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் ஏழு போடுவார்கள். மேரனுக்கு அப்படிப் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"திட்டறதா இருந்தா திட்டிரும்மா. முட்டாள்னு நீ சொன்னது சரிதான்."

அவள் திட்டவில்லை. கடைசிப் பத்தியைச் சத்தமாகப் படித்தாள். அவளுக்கு நல்ல கணீரென்ற குரல். அன்று அது பாதியிலேயே உடைந்தது.

'போன நவம்பர் பதினேழாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு, திரும்பி வரும் வழியில், மிசிசிப்பி ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாலை ஓரத்தில் செதுக்கியிருக்கும் தடதடப்புக் கோட்டில் சக்கரம் ஏறி எழுப்பிவிட்டது. பாலத்துக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவனுக்கு இது தெரியாது. என் வீட்டிலும் தெரியாது. உங்கள் கணக்கில் திரும்பி வருகிற பாதை இல்லை என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.'

மேரன் தாளைத் தாழ்த்தினாள்.

"கோல்பியைக் கொன்னிருப்பீங்க" என்றாள் மேரன்.

"ஆமா."

"எட்டு மாசமா எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. சிரிச்சிருக்கீங்க. என் கல்யாண உடுப்பு நல்லாருக்குன்னு சொன்னீங்க. இதை உள்ள வெச்சுக்கிட்டு."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேரன். நானும் எத்தனையோ தரம்..." அழுகை வந்தது, அதை மறைக்கக் கையைக் கொண்டுபோய் முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதுல நான் கையெழுத்துப் போட்டா பழைய தேதியே வந்துரும். நாளன்னிக்குள்ள போய்ச் சேரணும். நீ சொன்னா போட்டுடறேன். இந்தத் தடவை தூங்க மாட்டேன். காபி குடிச்சுக்குவேன்."

அவள் அதைப் படித்தாள். படித்துவிட்டு, கிரீஸ் டப்பாவுக்குள் திணித்தாள். சும்மா திணிக்கவில்லை, குச்சியை எடுத்து அமுக்கி, அடி வரைக்கும் முக்கினாள்.

"அக்டோபர் ஆறு" என்றாள்.

"என்ன ஆறு?"

"கல்யாணம். நீங்க வர்ஜீனியாவுல இருந்து திரும்பி வந்து ஒரு வாரம் ஆயிருக்கும். அடுத்த ஆட்டம் உள்ளூர்லதான். மண்டபம் காலியா இருக்கு, வர்ற வழியிலயே கேட்டுட்டேன்."

ஆர்லோ விரலை மடக்கி எண்ணினார். குழப்பம் முகத்தில் ஏறியது. "ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமைம்மா!"

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா? ஊரே சிரிக்கும். புதன்னாலும் பரவால்ல..."

"புதன்கிழமை சர்ச்சுல புள்ளைங்களுக்கு வகுப்பு. செவ்வாய்தான்."

"யாரு வருவா செவ்வாய்க்கிழமை?"

"மாப்பிள்ளை உயிரோட வருவான். எங்கப்பா உயிரோட வருவாரு. அதுக்கு மேல யாரு வந்தா என்ன, வராட்டி எனக்கென்ன?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "கோல்பிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி."

சொல்வதற்கு இரண்டு மாதம் இருந்தது. ஆர்லோ அந்த இரண்டு மாதத்தையும் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார், அதாவது சொல்லவே இல்லை. இடையில் கல்யாணம் செவ்வாய்க்கிழமை என்று ஊரெல்லாம் அட்டை போனது. மளிகைக் கடையில் ஒருவர் அவரை நிறுத்தி, "பொண்ணுக்கு ஏதாவது அவசரமா?" என்று கண்ணடித்தார். அவருக்கு ஆர்லோ சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

செப்டம்பர் இருபத்தாறு, வர்ஜீனியாவில் ஹார்லன் அணி தோற்றது. ஞாயிறு முழுக்க ஓட்டி, இந்தியானாவில் ராத்தங்கினார்கள். திங்கட்கிழமை மத்தியானம், நல்ல வெயில். இல்லினாய் தாண்டினால் மிசிசிப்பி, மிசிசிப்பி தாண்டினால் அயோவா, அதன் பிறகு வீடு. கோல்பி சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துக் குப்பியில் துப்பிக்கொண்டு, கல்யாணத்துக்கு எந்தப் பாட்டு போடலாம் என்று பேசிக்கொண்டே வந்தான். தூரத்தில் பாலத்தின் இரும்பு வளைவு தெரிந்தது. ஆர்லோ வேகத்தைக் குறைத்தார். பாலத்துக்கு முன்னால் இருந்த ஓய்விடத்தில் லாரியைத் திருப்பி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"என்னாச்சு? சக்கரத்துல ஏதாச்சும் சத்தமா?" என்றான் கோல்பி.

"இல்ல." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "போன நவம்பர்ல, இந்த இடத்துல, நான் ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். நீ பக்கத்துல தூங்கிட்டிருந்த. அந்தக் கம்பியில போய் விழ இருந்தோம். உங்கிட்ட சொல்லல. மன்னிச்சுரு."

கோல்பியின் வாயில் விதை அப்படியே இருந்தது. பாலத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி பாலத்தைப் பார்த்தான்.

"செத்திருப்போமா?"

"செத்திருப்போம்."

"நான் எதுவும் தெரியாம நல்லாத் தூங்கிட்டிருந்திருக்கேன்."

"ஆமா. குறட்டை வேற."

கோல்பி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குப்பியை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். "அந்த மனுவை எழுதின முட்டாள் நீங்களா?" என்றான் கடைசியில்.

"நான்தான்."

"மேரனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் செவ்வாய்க்கிழமையா?"

"அதான் செவ்வாய்க்கிழமை."

கோல்பி கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தான். கோபமா, பயமா, என்ன என்று ஆர்லோவுக்கு விளங்கவில்லை. கோல்பிக்கே விளங்கியிருக்காது. பெரிய ஆறு கீழே தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆர்லோ இருக்கையைப் பின்னால் சாய்த்தார். தொப்பியைக் கழற்றி முன்பலகையில் வைத்தார். முப்பத்தோரு வருஷமாக அவர் வாயில் வராத சொல், அன்றைக்கு வந்தது.

"கோல்பி, எனக்குத் தூக்கம் வருது."

"தூங்குங்க ஆர்லோ. வீட்டுக்குப் போக அவசரமே இல்ல. இந்த வாரம் நமக்கு ஆட்டம் கிடையாது."

"ஒரே ஒரு மணி நேரம். நமக்கு ஒரு மணி நேரம் லாபம்னு அன்னிக்கு ரஸ் சொன்னான்ல, அதை இப்ப எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கங்க. நான் முழிச்சிட்டிருக்கேன்."

ஆர்லோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "நின்னுட்டிருக்கிற வண்டியில நீ எதுக்குடா முழிச்சிருக்கணும்?"

கோல்பி யோசித்தான். "தெரியல" என்றான். "இருந்தாலும் முழிச்சிருக்கேன்."